விரலை மடக்கிக் காட்டு

எங்கள் கடலூரில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் காலம் உண்டு, அது முடிந்தால் புயல் காலம் உண்டு. நடுவில் பத்துப் பதினைந்து நாள் வானம் எந்தப் பக்கம் போவது என்று யோசித்துக்கொண்டு நிற்கும். ஆயுத பூஜை அந்த நாட்களில்தான் வரும். இலை உதிர்வதைப் பொறுத்தவரை, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வாதாம் மரம் வருஷம் பூராவும் உதிர்க்கும். அதுவும் நான் பெருக்கி முடித்துத் துடைப்பத்தை மூலையில் வைத்த பிறகுதான் உதிர்க்கும்.

பெங்களூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. ஆயுத பூஜை லீவுக்கு வருகிறோம் என்று சொன்னவள், வருவதற்கு ஒரு வாரம் முன்னால் என் போனுக்கு இருபது படம் அனுப்பினாள். எல்லாவற்றிலும் வெள்ளைக்காரக் குழந்தைகள். பெரிய வயல், வயல் நிறைய ஆரஞ்சு நிறத்தில் பரங்கிக்காய், ஒவ்வொரு காய் மேலும் ஒரு குழந்தை, குழந்தை தலையில் கம்பளிக் குல்லா. படங்களுக்குப் பின்னாலேயே போனும் வந்தது.

"அண்ணி, நம்ம ரெண்டு பசங்களயும் இதே மாதிரி உக்கார வெச்சு எடுக்கணும். அங்க எங்கயாவது பம்ப்கின் தோட்டம் இருக்கும்ல?"

இருந்தது. அதுதான் என் கெட்ட நேரம். ஆபீஸில் எனக்கு அடுத்த சீட்டில் இருப்பவரின் அக்கா, கீரப்பாளையம் பக்கத்தில் பூசணி போட்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாத இடமா என்ற பெருமையில் சொல்லித் தொலைத்தேன். சொன்ன பிறகு சந்தேகம் வந்து, அங்கே இருப்பது பரங்கிக்காய் இல்லை, சாம்பல் பூசணி, ஆயுத பூஜைக்குத் திருஷ்டி சுற்றி உடைக்கிற காய் என்று விளக்கினேன்.

"ரெண்டும் பம்ப்கின்தானே அண்ணி" என்றாள்.

ஒன்று பொங்கலன்று குழம்பில் கிடப்பது. இன்னொன்று வயிற்றில் குங்குமத்தை ரொப்பிக்கொண்டு நடுரோட்டில் சிதறி, பைக்கில் போகிறவர்களைச் சறுக்கி விழவைப்பது. பெங்களூரில் பத்து வருஷம் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது தோட்டமும் வேண்டியிருக்கவில்லை, போட்டோவும் வேண்டியிருக்கவில்லை. காரணம் என் மகன். அவனுக்கு ரெண்டு வயசு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பேச்சு வரவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, தண்ணிகூட இல்லை. இதற்கு ஊரில் எல்லோரிடமும் வைத்தியம் இருந்தது. நாக்கில் தேன் தடவச் சொன்னார்கள். கோயில் மணியில் ஊற்றிய தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார்கள். ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும் என்று எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் முதல் காய்கறிக்காரம்மா வரை அடித்துச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் மூன்று வயதில்தான் வாய் திறந்தாராம். அதற்குப் பிறகும் அவர் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை என்பதால் எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

சிதம்பரத்தில் நாங்கள் காட்டும் குழந்தை டாக்டர் பேச்சைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. அவர் கேட்டது வேறு.

"எதையாவது பாத்தா சுட்டு விரலை நீட்டிக் காட்டுறானா? காட்டிட்டு, நீங்க பாக்குறீங்களான்னு திரும்பி உங்க முகத்தப் பாக்குறானா?"

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் காட்டியதே இல்லை. பிஸ்கட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் கையைத் தூக்கி டப்பா மேல் வைப்பான். என் கை அவனுக்கு ஒரு கரண்டி. கரண்டியின் முகத்தை யாராவது பார்ப்பார்களா? அவனும் பார்க்க மாட்டான். இதை நாங்கள் புத்திசாலித்தனம் என்று நினைத்து நாலு பேரிடம் பெருமை வேறு அடித்திருந்தோம்.

டாக்டர் சிரிக்கவில்லை. ரெண்டு மாதம் டைம் கொடுத்தார். நீங்கள் காட்டிக் காட்டிப் பழக்குங்கள், ஆயுத பூஜை முடிந்து வரும் புதன்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், அதற்குள் ஒரு தடவையாவது தானாகக் காட்டுகிறானா பார்ப்போம், இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். 'எழுதித் தருகிறேன்' என்று அவர் மெதுவாகச் சொன்ன விதத்தில் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ரெண்டு மாதமும் வீட்டில் நாங்கள் விரலை நீட்டியபடியே நடமாடினோம். தோ பாரு ஃபேன். தோ பாரு பல்லி. தோ பாரு நிலா. வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பாதி நேரம் அதுவும் நடந்தது. மகனோ ஃபேனைப் பார்க்க மாட்டான், பல்லியைப் பார்க்க மாட்டான், என் விரல் நுனியை ஒரு வினாடி பார்த்துவிட்டுத் தன் காரின் சக்கரத்தைச் சுற்றப் போய்விடுவான். வீட்டில் வேறு யாருக்கும் நாங்கள் இதைச் சொல்லவில்லை. நாத்தனாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இருபது படத்துக்குப் பதில் இருபது வீடியோ வரும்.

ஆக, புதன்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாங்கள் நாலு பெரியவர்களும் ரெண்டு குழந்தைகளும் ஒரு காரில் கிளம்பினோம். நாத்தனாரின் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. ரெண்டு குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறத்தில் முழுக்கை உடுப்பு, கம்பளிக் குல்லா, எல்லாம் பெங்களூரிலிருந்து வந்திருந்தது. வெளியே புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. ஏசியைக் கூட்டி வைத்து, குல்லாவைப் பற்றி யாரும் பேசாமல், புவனகிரி வரை வந்துவிட்டோம். அங்கே என் மகன் குல்லாவைப் பிடுங்கி ஜன்னல் பக்கம் எறிந்தான். பேசாமலேயே அவன் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. அவன் அத்தை அதைத் திரும்பவும் மாட்டினாள்.

கீரப்பாளையம் தாண்டி, ரெண்டு பக்கமும் நெல் வயலாகப் போய், கொஞ்சம் மேடான மணல் கலந்த நிலத்தில் தோட்டம் இருந்தது. ஓரமாக ஒரு மினி லாரி நின்றது. முற்றிய காய்களை வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு நிறம் என்று அங்கே இருந்தது எங்கள் ரெண்டு குழந்தைகள் மட்டும்தான். காய்களெல்லாம் சாம்பல் பூசிய பச்சையில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிடந்தன.

நாத்தனார் இறங்கி ஒரு சுற்றுப் பார்த்தாள். "கலர் பரவாயில்ல அண்ணி, ஃபில்டர் போட்டுக்கலாம்" என்றாள். அவள் தைரியத்தை நான் என்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

தோட்டக்கார அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார். தம்பியோடு வேலை பார்க்கிற பொண்ணு என்று என்னை வாய் நிறைய வரவேற்றார். மோர் கொடுத்தார். மோர் குடித்து முடித்ததும் சட்டம் சொன்னார்.

"கொடிய மிதிக்காம வாங்க. முத்துன காய் எல்லாம் லாரிக்குப் போவுது, அது மேல என்னா வேணா பண்ணிக்கங்க. ஆனா ரெண்டாவதா பிஞ்சு வுட்டிருக்கு பாருங்க, அத மட்டும் வெரல நீட்டிக் காட்டாதீங்க. அழுவிப்பூடும். போன வருஷம் மழையில எல்லாம் போச்சு, இந்தப் பிஞ்சத்தான் நம்பி இருக்கேன். காட்டணும்னா இப்டி மடக்கிக் காட்டுங்க" என்று சுட்டு விரலை மடக்கி, முட்டியால் ஒரு கொடியைக் காட்டினார்.

இது எங்களுக்குப் புதுசு இல்லை. பூசணி, சுரை, அவரை எதுவானாலும் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது என்பது எங்கள் பக்கம் பால் குடிக்கும்போதே கற்றுக்கொள்கிற பாடம். என் வீட்டுக்காரர் பி.இ. படித்தவர், ஆனால் மாடித் தொட்டியில் ஒரு கத்தரிப் பிஞ்சைக் காட்டக்கூட விரலை மடக்குவார். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த அக்காவுக்கு வந்த சோதனை நாத்தனார் மகள். அவள் விரல் மடங்கியே பார்த்ததில்லை. காரை விட்டு இறங்கியதும் அது நீண்டது. "தே, பம்கி! தே, காக்கா! தே, லாலி!" என்று காயை, காக்காயை, லாரியை, கடைசியில் அந்த அக்காவையே காட்டினாள். பிஞ்சுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த அக்கா ஓடி வந்து குறுக்கே நின்றார். நாத்தனார் தன் மகளின் விரலை மடக்க, அது நீள, அவள் மடக்க, அது நீள, கொஞ்ச நேரத்தில் போட்டோவே மறந்துபோய் அதுதான் வேலையாக இருந்தது.

எனக்கு அந்த விரலைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஒன்றே முக்கால் வயதுக் குழந்தையின் விரலைப் பார்த்து, பெற்ற பிள்ளை உள்ள நான் பொறாமைப்பட்டேன். அவள் ஒவ்வொரு தடவை "தே" என்று காட்டிவிட்டு அவள் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்தபோதும் நான் என் மகனின் கையைப் பார்த்தேன். நாத்தனார் அந்தப் பார்வையைக் கவனிக்கவே இல்லை. கவனிக்க என்ன இருக்கிறது, அவளுக்குத்தான் ஒரு நாளைக்கு நூறு தடவை கிடைக்கிறதே.

தோட்டக்கார அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த என் மகனின் கன்னத்தைத் தட்டினார்.

"இந்தத் தம்பிதாம்மா தங்கம். வந்ததுலேந்து ஒரு வெரலு நீட்டல பாரு."

"ஆமாக்கா, அவன் எப்பவுமே அப்டித்தான், ரொம்ப சமத்து" என்று நாத்தனார் அங்கிருந்தே சொன்னாள்.

என் மகன் வாழ்க்கையில் வாங்கிய முதல் நற்சான்றிதழ் அது. நான் ஈயென்று சிரித்து அதைப் பெற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

பிறகு போட்டோ வைபவம் நடந்தது. சாம்பல் பூசணி மேல் பவுடர் மாதிரி இருப்பதோடு, சொர சொரவென்று பொடி முள் மாதிரி ரோமமும் இருக்கும் என்பது அந்தப் படங்களில் யாரும் சொல்லாத விஷயம். நாத்தனார் மகளை உட்கார வைத்த மூன்றாவது வினாடி அவள் தொடையில் அரிப்பெடுத்து அலறினாள். அவள் அப்பா வரப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, சிரி கண்ணு சிரி கண்ணு என்று போனைப் பிடித்திருந்தார். "மச்சான், அவனயும் பக்கத்துல வைங்க" என்றார். என் வீட்டுக்காரர் எங்கள் மகனைத் தூக்கி இன்னொரு காய் மேல் வைத்தார். அவன் அழவில்லை. வழுக்கி இறங்கினான். குல்லாவை எடுத்துக் கொடியில் போட்டான். நடந்து போய்விட்டான்.

விடுங்க, அவனாவது நிம்மதியா இருக்கட்டும் என்றேன் நான். நானும் என் வீட்டுக்காரரும் அஞ்சு அடி தள்ளி, அவன் பின்னாலேயே போனோம்.

வரிசைக் கடைசியில் அவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். பெரிய இலை ஒன்று காற்றில் புரண்டது. அதற்குக் கீழே ஒரு பிஞ்சு. என் கட்டை விரல் அளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளை ரோமம், முனையில் வாடிய மஞ்சள் பூ இன்னும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதையே ரொம்ப நேரம் பார்த்தான். வேறு எதையும் அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை, காரின் சக்கரத்தைத் தவிர.

அவன் வலது கை மேலே வந்தது. நாலு விரல் உள்ளே போயிற்று. ஒரு விரல் மட்டும் தனியாகப் பிரிந்து, அந்தப் பிஞ்சுக்கு நேராக நீண்டது. நீட்டியபடியே அவன் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய் டேய், தம்பி, காட்டக் கூடாது!" என்று என் வீட்டுக்காரர் பாய்ந்தார். குனிந்து அந்த விரலைப் பிடித்தார். அழகாக உள்ளே மடக்கிவிட்டார். மடக்கிவிட்டு, எப்படி நம்ம வளர்ப்பு என்கிற மாதிரி தோட்டக்கார அக்கா இருந்த பக்கம் மரியாதையாக ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். தான் செய்தது என்ன என்று அவருக்கு அப்போது புரிந்தது. அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன், ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை.

நான் கத்தினேன். நல்ல குடும்பத்துப் பெண் பூசணித் தோட்டத்தில் கத்தக் கூடாத அளவுக்குக் கத்தினேன். "மடக்கிட்டீங்களே! ரெண்டு மாசமா ராத்திரி பகலா எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தோமோ, அத மடக்கிட்டீங்களே! டாக்டர்கிட்ட போயி என்னன்னு சொல்லுவீங்க? புள்ள காட்டுனான், நாந்தான் வெரல மடக்குனேன்னு சொல்லுவீங்களா?"

அவர் கையை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மகன் என் சத்தத்தில் பயந்து, மடக்கிய விரலை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாத்தனார் ஓடி வந்தாள். "எந்த டாக்டர் அண்ணி? என்ன காட்டுனான்? யாருக்கு என்ன?" என்றாள். ரெண்டு மாதம் காப்பாற்றிய ரகசியம் லாரிக்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

தோட்டக்கார அக்காவும் வந்தார். அழுதுகொண்டே அவரிடம்தான் சொன்னேன். டாக்டர் கேட்டதை, புதன்கிழமையை, இப்போது நடந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி காட்டுனதே இல்லியா?"

"இல்லக்கா."

"எந்தப் பிஞ்சும்மா?"

நான் காட்டினேன். அவர் பிஞ்சைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். என் விரல் மடங்கியிருந்தது. புருஷனை அத்தனை பேர் முன்னால் கிழித்துப் போட்டுவிட்டு, நானும் முட்டியால்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா என் கையைப் பிடித்து விரலை நீட்டிவிட்டார். "நேரா காட்டும்மா. நீயே மடக்குனா புள்ள எப்பிடி நீட்டும்" என்றார்.

அப்புறம் அவர் என் மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் சுட்டு விரலை நீட்டி, தன் பிஞ்சுக்கு நேராகக் காட்டினார். "தோ பாரு சாமி. பிஞ்சு" என்றார். அந்த விரலை அவர் இதற்கு முன்னால் ஒரு பிஞ்சுக்கு நேராக நீட்டியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அது முழுசாக நீளவில்லை, பாதியில் நின்று, பிறகு நீண்டது.

மகன் அவர் விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எழுந்து வந்து, எப்போதும் செய்வது மாதிரி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். என் கையைக் கொண்டுபோய் அந்தப் பிஞ்சு மேல் வைக்கப் பார்த்தான். நான் கையைக் கொடுக்கவில்லை. பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் கேட்டு நான் கொடுக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அழுதுவிடுவான், இனிமேல் எதையும் காட்ட மாட்டான், அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்வார்கள் என்று தோன்றியது.

அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் நின்றான். பிஞ்சுப் பக்கம் திரும்பினான். மார்பில் ஒட்டியிருந்த விரல் மெதுவாக வெளியே வந்தது. நேராக நீண்டது. திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா கண்ணு, பாத்தேன்" என்றேன். "அம்மா பாத்துட்டேன்."

என் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் முதல் தடவையாக போனை எடுக்காமல் நின்றாள். அவன் வாயில் பேச்சு வர அதற்கப்புறமும் எட்டு மாதம் ஆயிற்று, நிறைய அலைந்தோம். ஆனால் அன்றைக்கு எனக்கு அதுவெல்லாம் தெரியாது.

"அக்கா, உங்க பிஞ்சு" என்று நான் ஆரம்பித்தேன்.

"அழுவுனா அழுவட்டும், வுடும்மா" என்றார் அவர். குரலில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்தது. பிஞ்சு அழுகாது, அதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஆறுதல் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவர் எழுந்து அடுத்த கொடிக்குப் போனார். காலையிலிருந்து யார் விரலும் நீளாமல் குறுக்கே நின்று காத்த வரிசை அது. குனிந்து ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பிடித்தார். என் மகன் அவர் பின்னாலேயே போய், ஒவ்வொரு பிஞ்சையும் காட்டினான்.